நோயாளியின் மொழியும் நிர்வாகியின் பொறுப்பும்: பக்தாத் மருத்துவமனைகள் தரும் படிப்பினை

பஸ்ராவைச் சேர்ந்த பேரறிஞர் அல்-ஜாஹிஸ் (மறைவு 868) தமது ‘கஞ்சர்கள்’ என்னும் நூலில் ஒரு மருத்துவரைப் பற்றிச் சுவையான செய்தியொன்றைத் தருகிறார். அஸத் இப்னு ஜானீ என்பது அம்மருத்துவரின் பெயர். ஊரெங்கும் கொள்ளைநோய் பரவியிருந்த ஓர் ஆண்டில், மற்ற மருத்துவர்களுக்கு ஓய்வே இல்லாதிருக்க, அவரிடம் மட்டும் நோயாளிகள் வரவில்லை. கல்வியும் அனுபவமும் பொறுமையும் உள்ள தங்களுக்கு இந்நிலை ஏன் என்று ஒருவர் வினவினார். அஸத் காரணங்களை அடுக்கினார். முதலாவதாக, அவர் ஒரு முஸ்லிம். முஸ்லிம்களுக்கு மருத்துவம் கைவராது என்பது அவர் பிறப்பதற்கு முன்பே மக்கள் கொண்டிருந்த முடிவு. அடுத்து, அவருடைய பெயர் அஸத்; அது ஜிப்ரயீல் என்றோ யூஹன்னா என்றோ இருந்திருக்க வேண்டும். அவர் அணிவது வெண்பருத்தி மேலாடை. கறுப்புப் பட்டு அணிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பேசுவது அரபு. ஜுந்திஷாபூர்வாசிகளின் பேச்சாக அது இருந்திருக்க வேண்டும்.

இது அங்கதம்தான். எனினும் ஜாஹிஸின் நகைச்சுவைக்குள் கூர்மையான ஒரு சமூக உண்மை அடங்கியிருக்கிறது. மருத்துவம் என்பது மருந்தும் அறிவும் மட்டுமன்று. அது நம்பிக்கையின் மேல் நிற்பது. அந்த நம்பிக்கையைப் பெயரும் உடையும் மொழியும் தீர்மானிக்கின்றன. இன்று உலகெங்கும் மருத்துவ நிர்வாகத் துறையில், நோயாளியின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் இசைந்த சேவையை அளிப்பதற்கான தலைமைத் திறன்கள் பற்றிப் பெரிதாகப் பேசப்படுகிறது. அது இக்காலத்தின் கண்டுபிடிப்பு எனச் சிலர் கருதக்கூடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதிலும் குர்துபாவிலும் இதே சிக்கலை எதிர்கொண்டவர்கள் இருந்தனர். அவர்கள் எதைச் செய்தார்கள், எங்கே நின்றுவிட்டார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லைத் தேடிய தலைமுறை

அப்பாஸியக் கலீஃபா அல்-மன்ஸூர் 765ஆம் ஆண்டில் தமது வயிற்று நோய்க்குச் சிகிச்சை பெறுவதற்காக ஜுந்திஷாபூரிலிருந்து ஜுர்ஜிஸ் இப்னு பக்தீஷூ என்னும் கிறிஸ்தவ மருத்துவரை வரவழைத்தார். அக்குடும்பத்தார் பல தலைமுறைகளாகக் கலீஃபாக்களின் மருத்துவர்களாக விளங்கினர். அவர்களுடைய கல்விமொழி ஸுர்யானி. அவர்கள் பயின்ற அடிப்படை நூல்களோ கிரேக்கத்தில் பிறந்தவை. ஆனால் பக்தாதின் தெருக்களில் நோயுற்றுக் கிடந்தவர்கள் பேசியது அரபு, பாரசீகம், அரமேயம் ஆகிய மொழிகள். மருத்துவ அறிவு ஒரு மொழியிலும் நோயின் முறையீடு வேறு மொழியிலுமாக இருந்த நிலை அது.

இந்த இடைவெளியின் மீது பாலம் அமைத்தவர்களுள் தலையாயவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (808–873). ஹீராவைச் சேர்ந்த இந்த அரபுக் கிறிஸ்தவர் இளமையில் யூஹன்னா இப்னு மாஸவைஹியிடம் மருத்துவம் பயிலச் சென்றார். ஓயாமல் கேள்வி கேட்ட மாணவரைச் சகிக்காத ஆசிரியர், ஹீராவாசிகளுக்கு மருத்துவம் எதற்கு, தெருவில் காசு மாற்றும் தொழில் போதாதா என்ற பொருளில் ஏசி விரட்டிவிட்டார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அஸதுக்கு நேர்ந்த அதே அவமதிப்பு! ஹுனைன் அதனால் ஒடுங்கிவிடவில்லை. கிரேக்கத்தைக் கசடறக் கற்றுத் திரும்பினார். பின்னர் அதே ஆசிரியருக்காகவும் நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

ஹுனைன் தமது பணியைப் பற்றி எழுதிய மடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜாலினூஸ் எனப்படும் கேலனின் நூல்கள் 129இனைப் பட்டியலிட்டு, எதை யார் யாருக்காக எந்த மொழியில் பெயர்த்தார் என்பதை அதில் அவர் விளக்குகிறார். மருத்துவர்கள் கேட்டபோது பெரும்பாலும் ஸுர்யானியிலும், பனூ மூஸா சகோதரர்கள் போன்ற புரவலர்கள் கேட்டபோது அரபிலும் அவர் எழுதினார். வாசிப்பவர் யார் என்ற வினா அவருக்கு முதன்மையாக இருந்தது. ஒரு நூலின் பல கைப்படிகளைத் திரட்டி ஒப்புநோக்கித் திருத்தமான பாடத்தை நிறுவிய பின்னரே மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். கேலனின் ஒரு நூலைத் தேடி ஷாம், பாலஸ்தீனம், எகிப்து என அலைந்து, டமாஸ்கஸில் ஏறக்குறைய அதன் பாதியை மட்டுமே கண்டெடுத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

சொல்லாக்கத்தில் அவர் கையாண்ட முறை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கண்ணைப் பற்றிய அவருடைய பத்துக் கட்டுரைகளில் விழியின் படலங்களுக்குக் கொம்பு போன்றது (கர்னிய்யா), திராட்சை போன்றது (இனபிய்யா), வலை போன்றது (ஷபகிய்யா) எனும் பெயர்களைக் காண்கிறோம். கிரேக்கச் சொல்லின் ஒலியைப் பிடித்துக்கொள்ளாமல் அதன் பொருளைப் பிடித்துக்கொண்டதால், சந்தைக்குப் போகும் எவரும் அறிந்த கொம்பும் திராட்சையும் வலையும் மருத்துவக் கலைச்சொற்களாயின. பிற்காலத்தில் இவை இலத்தீனுக்குச் சென்றபோதும் பொருள் மாறவில்லை. இன்று நாம் வழங்கும் கார்னியாவில் கொம்பும் ரெட்டினாவில் வலையும் மறைந்திருக்கின்றன.

தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைத்தல்

தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூலின் வரலாறு இதைவிடவும் படிப்பினை மிக்கது. பக்தாதில் இஸ்தஃபான் இப்னு பஸீல் அதை அரபாக்கினார். ஹுனைன் அதைச் சரிபார்த்தார். இஸ்தஃபானுக்கு அரபுப் பெயர் தெரியாத மூலிகைகள் பல இருந்தன. அவற்றுக்கு ஏதேனும் ஒரு பெயரை அவர் இட்டு நிரப்பிவிடவில்லை. தமக்குப் பின் அவற்றை அறிந்த ஒருவரை இறைவன் அனுப்புவான் என்னும் நம்பிக்கையுடன் கிரேக்கப் பெயர்களை அப்படியே விட்டுவைத்தார். மருந்தின் பெயரில் நேரும் பிழை நோயாளியின் உயிரில் முடியும் என்பதை அறிந்தவரின் அடக்கம் இது.

அவர் எதிர்பார்த்தவர்கள் மேற்கில் தோன்றினர். ஸ்பெயினின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்குப் பைஸாந்தியப் பேரரசர் அந்நூலின் ஓவியங்கள் தீட்டப்பெற்ற கிரேக்கப் படியொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். குர்துபாவிலோ அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கலீஃபா அப்படியைக் கருவூலத்தில் வைத்துப் பெருமை கொண்டாடியிருக்கலாம். அவரோ கிரேக்கமும் இலத்தீனும் அறிந்த ஒருவரை அனுப்புமாறு பேரரசரைக் கேட்டுக்கொண்டார். ஹிஜ்ரி 340இல் (கி.பி. 951) நிக்கோலாஸ் என்னும் துறவி வந்து சேர்ந்தார். யூத அறிஞரும் அரசவைப் பிரமுகருமான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூதும் முஸ்லிம் மருத்துவர்களும் அத்துறவியும் கூடி அமர்ந்து, எந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெளிந்தனர். அவர்களோடு பழகிய மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் இச்செய்தியைப் பதிந்து வைத்திருக்கிறார். நூலைப் பெறுவதோடு தலைமையின் கடமை முடிந்துவிடாது என்பதை அந்தக் கலீஃபா அறிந்திருந்தார். நூலைப் பேச வைக்கும் மனிதரையும் தேடிக் கொணர்ந்தார்.

வராதவர்களைத் தேடிச் செல்லுதல்

மொழி ஒரு தடை. தொலைவும் சிறையும் மதமும் வேறு தடைகள். இவற்றின் முன் ஒரு நிர்வாகம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதற்குக் கலீஃபா அல்-முக்ததிரின் ஆட்சிக்காலத்திலிருந்து (908–932) அரிய சான்று கிடைக்கிறது. அவருடைய வஸீர் அலீ இப்னு ஈஸா. பக்தாத் மருத்துவமனைகளின் பொறுப்பை வகித்தவர் ஸினான் இப்னு ஸாபித் (மறைவு 943). கணிதமேதை ஸாபித் இப்னு குர்ராவின் மகனான ஸினான், ஹர்ரானைச் சேர்ந்த ஸாபியீ குடும்பத்தில் பிறந்தவர். பிற்காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவினார். முஸ்லிம் தலைநகரின் மருத்துவமனைகள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன என்பதே கவனத்துக்குரியது.

நோய்கள் மலிந்திருந்த ஓர் ஆண்டில் வஸீர் ஸினானுக்கு எழுதினார். சிறையில் இருப்போர் நெருக்கடியான இடத்தில் அடைபட்டிருப்பதால் நோய்க்கு ஆளாகாமல் இருக்க முடியாது; தாமாக மருத்துவரை நாடிச் செல்லவும் அவர்களால் இயலாது; ஆகவே நாள்தோறும் சிறைகளுக்குள் சென்று வர மருத்துவர்களை நியமித்து, மருந்துகளையும் பானங்களையும் உடன் அனுப்புக என்பது அம்மடலின் சாரம். இரண்டாவது மடல் ஸவாத் எனப்படும் தென் இராக்கின் கிராமப்புறங்களைப் பற்றியது. அங்கும் நோயாளிகள் இருப்பார்கள், மருத்துவர்களோ இல்லை. மருந்துச் சேமிப்புடன் மருத்துவர்களை அனுப்புக, தேவைப்படும் காலம்வரை ஒவ்வோரிடத்திலும் தங்கி, பின் அடுத்த இடத்துக்குச் செல்லட்டும் என வஸீர் பணித்தார்.

இம்மடல்களின் நடையை நாம் சிந்திக்க வேண்டும். யாரும் வஸீரிடம் முறையிடவில்லை. முறையிட முடியாதவர்கள் யார் என்று அவரே எண்ணிப் பார்த்தார். கருணை பலரிடம் உண்டு. ஆனால் அக்கருணையை ஆள், மருந்து, கால அளவு, வழித்தடம் எனப் பிரித்து ஆணையாக்குவது நிர்வாகியின் கலை.

மருத்துவக் குழு ஸூராவை அடைந்தது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் யூதர்கள். புகழ்பெற்ற யூதக் கல்விக்கழகம் இருந்த ஊர் அது. தங்குவதா, கடந்து செல்வதா என்ற வினா எழுந்தது. ஸினான் தாமாக ஒரு முடிவை எடுத்து மூடிவிடாமல் வஸீருக்கு எழுதினார். தலைநகரின் பீமாரிஸ்தானில் முஸ்லிமுக்கும் திம்மிக்கும் சிகிச்சை அளிப்பதே வழக்கம் என்பதையும் அதில் எடுத்துக்காட்டினார்.

வந்த பதிலை நாம் முழுமையாக நோக்க வேண்டும். திம்மிகளுக்கும், ஏன், விலங்குகளுக்கும் சிகிச்சை அளிப்பது சரியே என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. எனினும் விலங்குகளுக்கு முன் மனிதர்களுக்கும், திம்மிகளுக்கு முன் முஸ்லிம்களுக்கும் செய்க. முஸ்லிம்களுக்குப் போக எஞ்சுவதை அடுத்தவர்களுக்குத் தருக என்று வஸீர் எழுதினார்.

இப்பதிலை நம் எழுத்தாளர்கள் சிலர் பாதியாக எடுத்தாள்வதுண்டு. முற்பாதியை மட்டும் சொன்னால் அது பரந்த மனத்தின் சான்று. பிற்பாதியை மட்டும் சொன்னால் பாகுபாட்டின் சான்று. இரண்டும் ஒரே மடலில் இருக்கின்றன. கதவைத் திறந்த கையே வரிசையையும் வகுத்தது. நோயின் கடுமையைக் கொண்டு வகுக்க வேண்டிய வரிசையை அது மார்க்கத்தைக் கொண்டு வகுத்தது. அந்த இடத்தில், களத்தில் நின்று நோயாளியின் முகத்தைக் கண்ட மருத்துவர்களின் வழக்கம் ஆணையிட்டவரின் எழுத்தைவிட ஒரு படி உயர்ந்து நின்றது என்றே நாம் கருதுகிறோம்.

தேர்வும் விட்டுக்கொடுப்பும்

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) மருத்துவர் ஒருவரின் பிழையால் ஒரு நோயாளி இறந்தார். ஸினான் தேர்வு செய்து அனுமதித்தவரன்றி எவரும் மருத்துவம் பார்க்கலாகாது எனக் கலீஃபா முஹ்தஸிபுக்கு ஆணையிட்டார். புகழ்பெற்றவர்களும் அரசவை மருத்துவர்களும் நீங்கலாக, பக்தாதின் இரு கரைகளிலுமாக 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் எனப் பதிவுகள் கூறுகின்றன.

அவர்களுள் தோற்றப் பொலிவுள்ள முதியவர் ஒருவர். ஸினான் அவரை மதிப்புடன் அமர்த்தி, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். முதியவர் பொற்காசுகள் பொதிந்த தாளொன்றை முன்வைத்து, தமக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது என்றும், இத்தொழிலைக் கொண்டே குடும்பம் நடத்துவதாகவும், அதைத் தடுத்துவிட வேண்டாம் என்றும் வேண்டினார். அறியாத நோயில் கைவைக்கக் கூடாது, குருதி வாங்குதலும் கடும் பேதி மருந்தும் கூடா, எளிய நோய்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் ஸினான் அவரை அனுமதித்தார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் கற்றாய் என்றால், தந்தையிடம் என்றார். நேற்று வந்த முதியவரே அத்தந்தை. அவர் வழியிலேயே நில், அதைத் தாண்டாதே என்று கூறி அவரையும் அனுப்பிவைத்தார்.

பொற்காசும் இடம்பெறும் இந்நிகழ்ச்சியைக் கையூட்டின் கதையாகவும் சிலர் வாசிக்கக்கூடும். நமக்குப் புலப்படுவது வேறு. மக்கள் நம்பி நாடும் உள்ளூர் வைத்தியரை ஒரே ஆணையில் துடைத்தெறிந்தால் அவரிடம் செல்லும் ஏழைகள் புதிய மருத்துவரிடம் போய்விட மாட்டார்கள், யாரிடமும் போகாதிருப்பர். ஆகவே தீங்கு விளையும் எல்லையில் வேலி கட்டி, நம்பிக்கை விளையும் இடத்தைத் திறந்துவைத்தார் ஸினான்.

ஒரு வக்ஃப் பத்திரத்தின் வாசகம்

மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின் கெய்ரோவில் எழுந்தது மன்ஸூரி மருத்துவமனை. சுல்தானாவதற்கு முன் டமாஸ்கஸின் நூரி மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்த கலாவூன், ஆட்சி தமக்குக் கிட்டினால் இதுபோன்ற ஒன்றை எழுப்புவதாக நேர்ந்துகொண்டார் என்பர். 1284இல் அது நிறைவேறியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள், செல்வர்க்கும் வறியோர்க்கும், உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் ஒரே உரிமை, தங்குவதற்குக் கால வரையறை இன்மை என அதன் வக்ஃப் ஏற்பாடுகள் இன்றும் வியக்க வைப்பவை.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. எம்மதத்தவரும் அங்கே அனுமதிக்கப்பட்டனர் என நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. பத்திரத்தின் அரபு வாசகமோ நோயுற்ற முஸ்லிம்களையே குறிக்கிறது. இனங்களின் வேற்றுமையைப் பொருட்படுத்த வேண்டாம் என்கிறதேயன்றி மதங்களின் வேற்றுமையை அன்று. கட்டடம் பெரிதாயிற்று, வாசல் பக்தாதைவிடக் குறுகிற்று. மக்களை அரவணைக்கும் பண்பு ஒரு நாகரிகத்தின் பரம்பரைச் சொத்தாகத் தானே கைக்கு வந்துவிடாது. ஒவ்வொரு தலைமுறையின் பொறுப்பாளரும் அதை மீண்டும் முடிவு செய்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழில் நிகழ்ந்தது

ஹுனைனின் பணியை ஒத்த முயற்சியொன்று நம் மொழியிலும் நிகழ்ந்தது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசுப் பதவிகளை நாடிச் சென்றனர். கிராமங்கள் மருத்துவரின்றி இருந்தன. 1864 முதல் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்களின் துணையுடன் ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்கள் தமிழில் வெளிவந்தன. அவர் வந்தது சமயப் பணிக்காக. அவருடைய நோக்கமும் நம்முடைய நோக்கமும் ஒன்றல்ல. ஆயினும் கற்றவன் தன் ஊரிலேயே தங்க வேண்டுமானால் கல்வி ஊரின் மொழியில் இருக்க வேண்டும் என அவர் கண்டது மெய். ஹுனைன் ஒரு கிறிஸ்தவர் என்பதற்காக நம் முன்னோர் அவரை ஒதுக்கவில்லை என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

நம் வாசலில் ஒரு ஸூரா

இவ்வரலாற்றிலிருந்து தலைமைக்குரிய பண்புகள் சில துலங்குகின்றன. எதிரே இருப்பவர் யார், எம்மொழியினர் என முதலில் கேட்டல். தெரியாததைத் தெரியாதென ஒப்பி, அறிந்தவரை எம்மதத்தவராயினும் அழைத்தல். வர இயலாதவரை நினைத்தல். நினைத்ததை ஆளும் பொருளும் ஒதுக்கி ஆணையாக்கல். களத்திலிருந்து எழும் வினாவுக்குச் செவிகொடுத்தல்.

முஸ்லிம்களின் அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவமனைகள் நம்மிடையே உண்டு. அவற்றின் முகப்பில் கலாவூனையும் இப்னு ஸீனாவையும் நினைவூட்டுவது எளிது. உள்ளே, அறுவைச் சிகிச்சைக்கு முன் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் தாளில் கைநாட்டு வைக்கும் மூதாட்டிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துச்சொல்வது யாருடைய வேலை? திருப்பூரிலும் சென்னையிலும் உழைக்கும் ஒடியா, வங்காள, இந்தி மொழித் தொழிலாளர் தம் வயிற்று வலியைச் சொல்லத் தடுமாறும்போது அதைப் பெயர்த்துரைக்கும் பொறுப்பு யாருக்கு அளிக்கப்பட்டிருக்கிறது? வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம்மவர்கள், அரபு தெரியாமல் மருத்துவமனையில் நின்ற வேளையில் தமிழ் புரிந்த ஒரு மலையாளச் செவிலியர் எதிர்ப்பட்டபோது அடைந்த ஆறுதலை அறிவார்கள். அந்த ஆறுதல் தற்செயலாகக் கிடைத்தது. தற்செயலை நியமனமாக மாற்றுவதே தலைமை.

ஸூராவின் எல்லையில் ஒரு குழு மருந்துப் பொதிகளுடன் நின்றது. கடந்து போயிருக்கலாம், எவரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் தங்குவதா, செல்வதா என்று ஸினான் எழுதிக் கேட்டார். விடை குறையுடையதாக வந்தது. வினாவில் குறையில்லை. அந்த வினாவை எழுதியனுப்பும் ஒருவரை நம் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தம்மிடத்தே பெற்றிருக்கின்றனவா என்பதை அவற்றின் பொறுப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.